ஆகஸ்ட் மாதத்து மார்க்

கதவைச் சாத்திட்டாங்க. சாத்தும்போது அந்த நர்ஸ் பொண்ணு என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு, இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும், காபி வேணும்னா அந்த மூலையில இருக்குன்னு சொல்லிட்டுப் போச்சு. எனக்கு இப்போ காபி ஒண்ணுதான் குறைச்சல். உள்ள என் மகன் நிரஞ்சன் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து டெஸ்ட் எழுதறான், வெளிய நான் வேர்த்து வடிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஏசி இந்த ஓட்டம் ஓடியும். டெக்ஸாஸ்ல எங்க போனாலும் ஏசிக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அவன் எழுதின எத்தனையோ பரீட்சைக்கு நான் இப்படி வெளிய உக்காந்திருக்கேன். ஸ்பெல்லிங் போட்டி, கணக்குப் போட்டி, தமிழ்ப் பள்ளியில தமிழ்நாட்டு மாவட்டத்தை எல்லாம் வரிசையா ஒப்பிக்கிற போட்டி. அப்பெல்லாம் சாமியைக் கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன், முருகா இவன் ஃபர்ஸ்ட் வரணும்னு. இன்னைக்கு என்னன்னு கும்பிடறது. இவன் பாஸாகணும்னா, ஆகக்கூடாதுன்னா. முருகனுக்கே தலை சுத்தும். தலை. அந்த வார்த்தை மட்டும் நினைப்புல வரக்கூடாதுன்னு காலையிலேருந்து பார்க்கிறேன், எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்குது.

நடந்தது இதுதான். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் மேட்ச். இந்த ஊர்ல ஃபுட்பால்னா காலால உதைக்கிறது இல்லை, முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடறது, ஓடறவனை இடிச்சுச் சாய்க்கிறது. என் மகன் சாய்க்கிற கட்சி. எல்லாருக்கும் பின்னால நிப்பான், முன்னால இருக்கிறவங்களை எல்லாம் தாண்டி எவனாவது வந்துட்டான்னா இவன்தான் கடைசி ஆள். அந்த இடத்துக்குப் பேரு சேஃப்டியாம். பேரு வச்சவன் வாயில சக்கரையைத்தான் போடணும். அன்னைக்கு அப்படி ஒருத்தன் வந்தான், இவனைவிட அரை ஆள் கூடுதலா இருப்பான், இவன் பாய்ஞ்சு அவன் இடுப்பைக் கட்டினான், அவன் முட்டி வந்து இவன் ஹெல்மெட்ல பட்டுச்சு. அந்தச் சத்தம் நான் உக்காந்திருந்த பதினாலாவது வரிசைக்குக் கேட்டுச்சு. ரெண்டு பேரும் விழுந்தாங்க, பந்து உருண்டு வெளிய போச்சு, ஸ்டேடியமே எழுந்து நின்னு கத்துச்சு. நானும் எழுந்து கத்தினேன். இதை நான் யாருகிட்டயும் சொல்லலை, என் பொண்டாட்டி சுகந்திகிட்ட சொல்லவே முடியாது. முதல்ல கத்தினேன், அப்புறம்தான் என் பிள்ளை எழுந்திரிச்சானான்னு பார்த்தேன். அவன் எழுந்திரிச்சான், ஆனா எழுந்திரிச்சவன் கையைப் புல்லுல ஊணி ஒரு நிமிஷம் அப்படியே இருந்தான், ஏதோ கீழ விழுந்ததைத் தேடற மாதிரி. டீம்ல அடிபட்டவங்களைப் பார்க்கிறதுக்குன்னு இருக்கற அம்மா ஓடி வந்து, கண்ணுல டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, ஹெல்மெட்டைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. ஹெல்மெட் இல்லாம ஆட முடியாது, அதான் அவங்க பழக்கம். இனிமே டாக்டர் டெஸ்ட் வச்சு சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் அது திரும்பக் கையில வரும். நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை அடுத்த மேட்ச். பக்கத்து ஸ்டேட்லேருந்து ஒரு காலேஜ் கோச் இவனைப் பார்க்கறதுக்குன்னே வர்றாரு. இவன் ஒருத்தனைப் பார்க்கறதுக்கு, பிடிச்சுப்போனா அவர் காலேஜ்லயே இடம்.

அன்னைக்கு ஸ்டேடியத்துல எல்லாரும் கத்தினது என் பேரை. அதைத்தான் சொல்ல வந்தேன், எங்கேயோ போயிட்டேன். நமக்கு ஏது குடும்பப் பேரு. திண்டுக்கல்ல எங்க அப்பா பேரு எனக்கு இனிஷியல், என் பேரு இவனுக்கு இனிஷியல், அவ்வளவுதான் கதை. இங்க வந்தப்புறம் இனிஷியல்லாம் செல்லாது, விரிச்சு எழுதுன்னுட்டான். பிறந்த சர்ட்டிபிகேட்ல நிரஞ்சன் தாமோதரன்னு எழுதிக் குடுத்தேன். ஜெர்சியில முதுகுல போடறது கடைசிப் பேரு. அப்போ என் மகன் முதுகுல இருக்கறது நான். முதல் மேட்ச்ல அந்த மைக்காரன் டாமோ-டேரன்னு இழுத்துச் சொன்னப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. அப்புறம் பசங்க சுருக்கி டாமோ ஆக்கிட்டாங்க. எட்டாயிரம் பேர், தொப்பி போட்ட தாத்தாக்கள், மூஞ்சியில பெயிண்ட் அடிச்ச பொண்ணுங்க, எல்லாரும் காலால பலகையை மிதிச்சுக்கிட்டு டா-மோ, டா-மோன்னு. நான் ஸ்கூல்ல படிக்கும்போது என் பேரை யாராவது சத்தமாச் சொன்னாங்கன்னா அது அட்டெண்டன்ஸ்லதான். டிரில் பீரியட்ல என்னை ஓரமா உக்கார வச்சு எல்லாரோட வாட்சையும் குடுத்துட்டுப் போவாங்க, பத்திரமாப் பார்த்துக்கடான்னு. முழங்கை வரைக்கும் வாட்சு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். அந்த ஆளோட பேரை எட்டாயிரம் பேர் கத்தினா அவன் என்ன ஆவான். சொல்லுங்க. கிறுக்குப் பிடிக்காதா. எனக்குப் பிடிச்சுது. பையனுக்காகத்தான் எல்லாம்னு நான் சுகந்திகிட்ட சொன்னது பொய்யில்லை, ஆனா முழுசும் நிஜமும் இல்லை. மணி மூணு அம்பது. பத்து நிமிஷம்தான் ஆச்சு.

இப்போ உள்ள என்ன வந்திருக்கும். முதல்ல பன்னிரண்டு வார்த்தை காட்டும், ஒவ்வொண்ணா, அப்புறம் வேற வார்த்தையோட கலந்து காட்டி இது இருந்துச்சா இல்லையான்னு கேக்கும். அப்புறம் கோணல் மாணலா கோட்டுப் படம். அப்புறம் கலர். அப்புறம் மூணு எழுத்தைக் காட்டிட்டு, இருபத்தஞ்சுலேருந்து தலைகீழா நம்பரை அழுத்தச் சொல்லிட்டு, அந்த மூணு எழுத்து என்னன்னு கேக்கும். எனக்கு எப்படி இவ்வளவு தெரியும். நான்தானே கோச்சிங் எடுத்தேன். சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஆகஸ்ட்ல, எல்லாப் பசங்களுக்கும் இதே டெஸ்ட்டை ஒரு தடவை வைப்பாங்க. தலை நல்லா இருக்கும்போது எவ்வளவு மார்க்குன்னு எழுதி வச்சுக்குவாங்க. அப்புறம் அடிபட்டா திரும்ப வச்சு, ஆகஸ்ட் மார்க்கோட ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. குறைஞ்சிருந்தா ஆடக்கூடாது. குறையாட்டி ஆடலாம். ஸ்டேடியத்துல பக்கத்து சீட்டுல உக்காருவாரே ராண்டி, வீட்டுக்குக் கூரை போடற வேலை செய்யறவர், நல்ல மனுஷன், அவர் பையன் போன வருஷம் இந்த டெஸ்ட்டால மூணு மேட்ச் உக்காந்துட்டான்னு புலம்பினவர், சீசனுக்கு முன்னாடி பசங்க பிராக்டிஸைப் பார்க்கப் போனப்போ கண்ணடிச்சுக்கிட்டே சொன்னாரு, ஆகஸ்ட்ல கொஞ்சம் தூங்கி வழிஞ்சுக்கிட்டு எழுதுன்னு பையன்கிட்ட சொல்லியிருக்கேன்னு. அவர் சொல்லிட்டு பாப்கார்ன் தின்னப் போயிட்டாரு. நான் அப்படியா விட்டேன். நமக்குத்தான் பரீட்சைன்னா விட முடியாதே. வீட்டுக்கு வந்து அந்த டெஸ்ட்டைப் பத்தி இருக்கறதை எல்லாம் படிச்சேன். ரொம்பத் தப்பா எழுதினா மெஷின் கண்டுபிடிச்சு மாட்டி விட்டுடும், அதனால எவ்வளவு தப்பு தாங்கும்னு கணக்குப் போட்டேன். ஆபீஸ்ல எனக்கு வேலையே சாஃப்ட்வேர் டெஸ்டிங், எது எங்க உடையும்னு பார்க்கறது. ரெண்டு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சுகந்தி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போனப்புறம், டைனிங் டேபிள்ல உக்கார வச்சு நானே படம் வரைஞ்சு, வார்த்தை எழுதி, அவனுக்கு மாதிரித் தேர்வு வச்சேன். நாலுக்கு ஒண்ணு தப்பு விடணும். கலர்ல ஒரு நொடி தயங்கி அழுத்தணும். எழுத்துல மூணுல ஒண்ணை மறந்துடணும். அவனுக்கு மறக்கத் தெரியலை, அதான் பெரிய பாடு. ஒரு தடவை பார்த்தா ஒட்டிக்கும் அவனுக்கு. எட்டு வயசுல கார்ல போகும்போது எதிர்ல வந்த வண்டி நம்பரை எல்லாம் வீட்டுக்கு வந்து ஒண்ணு விடாமச் சொல்லுவான். தெரிஞ்ச பதிலைத் தெரியலைன்னு அழுத்தறதுக்கு அவன் விரல் வரலை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "அப்பா, வேணும்னே தப்பு பண்ணணுமா?" தப்பு இல்லைடா, கொஞ்சம் குறைச்சுக்கறது, அவ்வளவுதான்னேன். பதினேழு வருஷமா அவன்கிட்ட நான் சொன்னது ஏன் ரெண்டு மார்க் குறைஞ்சுதுன்னுதான். அன்னைக்கு அவன் சரியா நூத்துக்கு எழுபது கிட்ட வந்ததும் முதுகுல தட்டிக் குடுத்தேன். வெக்கமாத்தான் இருக்கு. சொல்றதுக்கு வாய் கூசுது.

சுகந்திக்கு இது தெரியாது. அவ ஆரம்பத்துலேருந்தே இந்த ஆட்டமே வேண்டாம்னா. நீச்சல் விடுங்க, டென்னிஸ் விடுங்க, என்ன கர்மத்துக்கு இந்த முட்டி மோதறதுன்னா. அவ மூச்சுத் திணறி வர்றவங்களுக்குக் குழாய் வைக்கிற வேலை பார்க்கிறா, ஆஸ்பத்திரியில அவ பார்க்காததா. மூணு மாசம் சரியாப் பேசிக்கலை நாங்க. நான்தான் பேசிப் பேசிக் கரைச்சேன், தலையில அடிபட்டாலும் கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்கு, இங்க எல்லாம் முறையாத்தான் நடக்குதுன்னு. கடைசியில ஃபாரத்துல கையெழுத்துப் போட்டா. போட்டுட்டுச் சொன்னா, "உங்களை நம்பிப் போடலைங்க. அந்த டெஸ்ட்டை நம்பித்தான் போடறேன்." எத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினாலும் ஆளை இப்படி அளந்து வச்சிருக்கக் கூடாது ஒரு பொம்பளை. அவ நம்பினது அந்த ஒண்ணைத்தான், நான் கை வச்சதும் அந்த ஒண்ணுலதான். அவ சட்டையில மருந்து வாசனையோட வந்து சாப்பிட உக்காரும்போதெல்லாம் சொல்லிடலாம்னு வாயெடுப்பேன், அவ ரசம் ஊத்தட்டுமான்னு கேப்பா, நான் ஊத்துன்னுவேன். இன்னைக்குக் காலையில கிளம்பும்போதுகூட, டெஸ்ட் முடிஞ்சதும் போன் பண்ணுங்க, அது என்ன சொல்லுதோ அதுதான் முடிவுன்னுட்டுப் போனா. சரின்னு தலையாட்டினேன், கோயில் மாடு மாதிரி.

வெள்ளிக்கிழமை மேட்ச் முடிஞ்சு கார்ல வரும்போது அவன், நாம ஜெயிச்சமான்னு கேட்டான். ஜெயிச்சோம்டா, பதினேழுக்குப் பத்துன்னேன். பெட்ரோல் பங்க் தாண்டினதும் திரும்ப ஜெயிச்சமான்னு கேட்டான். களைப்புன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டேன்கிறது சரியில்லை, நினைச்சுக்கலாம்னு முடிவு பண்ணினேன். சனிக்கிழமை ஃபிரிட்ஜைத் திறந்து வச்சுக்கிட்டு எதுக்குத் திறந்தோம்னு நின்னான். திங்கள்கிழமை கணக்கு வீட்டுப்பாடத்தை முடிக்காம மூடி வச்சுட்டான். இதெல்லாம் எல்லாப் பசங்களும் பண்றதுதானே. நான்கூட மாடிக்குப் போயிட்டு எதுக்கு வந்தேன்னு நிக்கறேனே, என்னை எவனாவது முட்டினானா. ஆனா இவன் நிக்க மாட்டானே. வண்டி நம்பரை எல்லாம் ஒப்பிச்சவன் ஆச்சே. சரி, கொஞ்சம் பொறு, இன்னைக்கு இங்க வர்ற வழியில என்ன சொன்னேன். கிளினிக் வாசல்ல காரை நிறுத்திட்டு, இன்னைக்கு எதையும் குறைக்காதே, முழுசாப் பண்ணுடான்னு சொன்னேன். அதுல ஒரு கணக்கு இருக்கு. தலை நல்லா இருந்தா அவனுக்குத் தொண்ணூத்தஞ்சு வரும், தொண்ணூத்தெட்டு வரும், ஆகஸ்ட்ல எழுதி வச்ச எழுபதைத் தாண்டிப் போயிடும். தாண்டிட்டா சேதம் ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். அப்போ நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, கோச் வரட்டும், பார்க்கட்டும், சுகந்திக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம், அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லிடறேன், சத்தியமா. தாண்டலைன்னா. தாண்டலைன்னா இப்பவே எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டறதுதான் மனுஷன் செய்யற வேலை. தட்டி, அம்மா, நீங்க ஒப்பிட்டுப் பார்க்கப் போற மார்க்கு பொய் மார்க்குன்னு சொல்லணும். ரெண்டே வரி. எழுந்துகூட நின்னேன். எதிர் நாற்காலியில கையில கட்டுப் போட்ட ஒரு டென்னிஸ் பொண்ணும் அவ அம்மாவும் நிமிர்ந்து பார்த்தாங்க. நான் போய் காபி பிடிச்சுக்கிட்டு வந்து உக்காந்துட்டேன். சொன்னா என்ன ஆகும். டீமை விட்டுத் தூக்குவாங்க, காலேஜ் கோச் காதுக்குப் போகும், அந்தப் பையன் ஏமாத்துக்காரன்னு பேராயிடும். அது அவன் பேரா, என் பேரா. ரெண்டும் ஒண்ணுதான். அவன் என்ன பாவம் பண்ணினான். அப்பா சொன்னதைக் கேட்டான். இங்க இருக்கற பிள்ளைங்க எதுவும் அப்பன் சொல்றதைக் கேக்கறதில்லைன்னு நம்ம ஆளுங்க எல்லாரும் புலம்பறாங்க. என் பிள்ளை கேட்டான்.

கதவு திறந்துச்சு. நர்ஸ் பொண்ணு கூப்பிட்டுச்சு. போனேன். டாக்டர் ஹார்ப்பர், அம்பது வயசு இருக்கும், கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நிரஞ்சன் பக்கத்துல உக்காந்து தொடையைத் தேய்ச்சுக்கிட்டிருந்தான். நான் உக்காரல. டாக்டர் ஸ்க்ரீனை எங்க பக்கம் திருப்பினாங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பட்டை, ஒண்ணு ஆகஸ்ட், ஒண்ணு இன்னைக்கு. கிட்டத்தட்ட ஒரே உயரம். ஆகஸ்ட்ல எழுபத்திரண்டு, இன்னைக்கு எழுபத்தொண்ணு. பிரமாதம், ஆகஸ்ட்ல எப்படி இருந்தானோ அப்படியே திரும்பி வந்துட்டான், நாளைக்குப் பிராக்டிஸ், வெள்ளிக்கிழமை தாராளமா ஆடலாம்னு சொல்லிட்டு பேனாவை எடுத்தாங்க. நிரஞ்சன் மூஞ்சியில சிரிப்பு. எழுபத்திரண்டைத் தாண்டலை. அப்பவும் என் புத்தி ஒரு சந்துல நுழைஞ்சு தப்பிக்கப் பார்த்துச்சு. ஒருவேளை பழக்க தோஷத்துல இன்னைக்கும் குறைச்சிருப்பான், டேபிள்ல அத்தனை தடவை பழக்கினோமே, அப்படித்தான் இருக்கும், அப்படியே இருக்கட்டும் முருகா. அந்தம்மாவுக்குப் புரியாதுன்னு தமிழ்லயே கேட்டேன்.

"தம்பி, இன்னைக்கும் குறைச்சுப் பண்ணினியாடா?"

"இல்லப்பா," அப்படின்னான். "நீங்கதானே முழுசாப் பண்ணச் சொன்னீங்க. ரொம்ப ட்ரை பண்ணினேன்பா. கஷ்டமா இருந்துச்சு, ஆனா அதே மார்க் வந்துடுச்சு பாருங்க."

சொல்லிட்டுத் திரும்பச் சிரிச்சான். அவனுக்கு உறைக்கலை. ஆகஸ்ட்ல வேணும்னே இறங்கி எடுத்த மார்க்கை இன்னைக்கு மூச்சுப் பிடிச்சு ஏறி எடுத்திருக்கான், அதுல சந்தோஷப்பட என்ன இருக்குன்னு அவனுக்குத் தோணலை. போன மாசத்து நிரஞ்சனா இருந்தா இந்தக் கணக்கை எனக்கு முன்னாடி போட்டு முடிச்சிருப்பான். டாக்டர் பேனா தாள்மேல இறங்கப் போச்சு. நான் அந்தத் தாள்மேல கையை வச்சேன். காபி பட்டு ஈரமா இருந்த கை. கையெழுத்துப் போடாதீங்கன்னேன். ஆகஸ்ட்ல இவன் எழுதினது நிஜமான மார்க் இல்லை, வேணும்னே குறைச்சு எழுதினது, நான்தான் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தேன், இவன் மாட்டேன்னுதான் சொன்னான்னு சொன்னேன். இங்கிலீஷ்ல சொல்ல நாலே வரிதான் ஆச்சு. அப்பான்னு நிரஞ்சன் மெதுவாக் கூப்பிட்டான். நான் அவன் பக்கம் திரும்பலை, திரும்பினா நிறுத்திடுவேன்.

டாக்டர் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஸ்க்ரீன்ல இருந்த ஆகஸ்ட் பட்டையை அழிச்சாங்க. எழுபத்தொண்ணு மட்டும் தனியா நின்னுச்சு. அப்புறம் என்னைப் பார்த்து, அப்போ இவனோட நிஜமான மார்க் எவ்வளவு, எவ்வளவு இழந்திருக்கான்னு தெரிஞ்சாத்தானே நான் மேற்கொண்டு ஏதாவது பண்ண முடியும், அடிபடறதுக்கு முன்னாடி வேற எங்கயாவது இதை எழுதியிருக்கானா, ஒரு தடவையாவதுன்னு கேட்டாங்க. இல்லைன்னேன், டீம்ல சேர்ந்ததே இந்த வருஷம்தான். டேபிள்ல நான் வச்ச தேர்வுல எல்லாம் தப்பா எழுதறதுக்குத்தான் பழக்கினேன், ஒரு தடவைகூட முழுசா எழுதுடா பார்க்கலாம்னு சொல்லலை. ரொம்பக் கெட்டிக்காரப் பையன் டாக்டர், ரொம்ப ரொம்பக் கெட்டிக்காரன்னு சொன்னேன். அவங்க தாள்ல மார்க் எழுதற கட்டத்துமேல பேனாவை வச்சாங்க.

"எனக்கு நம்பர் வேணும், மிஸ்டர் தாமோதரன்."